இருமலை மறைக்கலாமா?

அகத்தியர் மலையடிவாரத்துப் போனக்காட்டில், தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமான லயங்களில் வாழ்ந்து வருகின்றன. அங்கே ஒருவர் இருமலை மறைத்தால் காசம் அண்டை அறைக்கும் செல்லும். ‘வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வாராதே, வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களே’ என நம்மவர் அஞ்சுகின்றனர்.

அன்பர்களே, வீட்டிலிருந்து மருந்துண்டோரும் மருத்துவமனையில் தங்கியோரைப் போலவே குணமடைந்தனர் என்பதைச் சென்னை ஆய்வு நிலையம் 1959-இலேயே உலகிற்குக் காட்டிற்று. அவர்தம் வீட்டார்க்கும் அதனால் தீங்கு மிகவில்லை எனப் பின்னர்த் தெளிந்தது. தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்னரே நிகழ்ந்துவிடுகிறது.

ஆதலின், இரு வாரம் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிப்போம். ஒருவருக்கு நோய் கண்டால் வீட்டார் அனைவரும் சோதித்துக்கொள்வோம். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான ஆறு மாத மருந்தை, இருமல் நின்றதென்று இடையில் நிறுத்தலாகாது.