வீட்டுப் பணியாளருக்கும் சேமலாப நிதி வேண்டும்

தாயும் தந்தையும் தொழிலுக்குச் செல்லும் குடும்பங்களில் பிள்ளையைப் பராமரிக்கும் பெண் இன்று இன்றியமையாதவராகிவிட்டார். கொழும்பு போன்ற நகரங்களில் இப்பணிக்கு வருவோரில் பலர் மலையகத்தையும் பின்தங்கிய கிராமங்களையும் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் இவர்களுக்கு நியமனக் கடிதமோ சம்பளப் பற்றுச்சீட்டோ கிடைப்பதில்லை. பல வருடங்கள் உழைத்தவர், பிள்ளை வளர்ந்ததும் வெறுங்கையுடன் வீடு திரும்புகின்றார்.

இந்நிலைக்குச் சட்டமே வழிவகுத்தது. 1871 ஆம் ஆண்டிலேயே வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் நோக்கம் பணியாளரைக் கண்காணிப்பதேயன்றி, அவரது ஊதியத்தைப் பாதுகாப்பதல்ல. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதி ஏற்பாட்டில் வீட்டுப் பணி உள்ளடக்கப்படவில்லை. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்கே உரியதாக அமைந்தது. 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச சம்பளச் சட்டமும் இவர்களைப் புறந்தள்ளியே நிறைவேற்றப்பட்டது.

ஆனால் இதே நாட்டுப் பெண் மத்திய கிழக்கிற்குப் பணிப்பெண்ணாகச் செல்லும்போது, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவும் காப்புறுதியும் ஒப்பந்தமும் வேண்டும் என்கின்றோம். குவைத் 2015 ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், வீட்டுப் பணியாளருக்கு வாராந்த ஓய்வு நாளையும் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற அடிப்படையில் பணி முடிவுக் கொடுப்பனவையும் வழங்குகின்றது. அச்சட்டம் அங்கு எவ்வளவு தூரம் பேணப்படுகின்றது என்பது வேறு விடயம். அந்நியரிடம் நாம் கேட்கும் நீதியை எமது சமையலறையில் மறுப்பது எவ்வகையில் நியாயம்?

நடுத்தரக் குடும்பங்களுக்கு இது தாங்கவொண்ணாச் சுமை என்பர். கணக்கைப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபா பெறும் ஒருவருக்குத் தொழில்தருநரின் சேமலாப நிதிப் பங்கு 12 சதவீதமாக 3,600 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதமாக 900 ரூபா. ஆக, வீட்டுக்காரரின் மேலதிகச் செலவு 4,500 ரூபா. பணியாளரின் 8 சதவீதமான 2,400 ரூபாவும் சேரும்போது, பத்து வருடங்களில் வட்டி நீங்கலாகவே 8 இலட்சத்து 28 ஆயிரம் ரூபா அவர் பெயரில் இருக்கும். இச்சம்பளத்துக்கு வருமான வரிப் பிரச்சினையும் எழாது. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானம் வரியற்றதாக்கப்பட்டுள்ளது.

நடைமுறைச் சிக்கலே உண்மையான தடை. அமெரிக்காவும் இதனை எதிர்கொண்டது. 1993 ஜனவரியில், சட்டமா அதிபர் பதவிக்கு ஜனாதிபதி கிளின்டன் பிரேரித்த ஸோயி பெயார்ட், பிள்ளை பராமரிக்கும் பெண்ணுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைச் செலுத்தாதிருந்த விவகாரத்தில் விலக நேர்ந்தது. மறு வருடமே அந்நாடு சட்டத்தைத் திருத்தி, வீட்டுக்காரர் தமது வருடாந்த வருமான வரி அறிக்கையுடனேயே இவ்வரியைக் கணக்கிட்டுச் செலுத்த வழிசெய்தது. ஒரு வீட்டை ஒரு கம்பனியைப் போல் நடத்த முடியாது என்பதை உணர்ந்த ஏற்பாடு அது. தொலைபேசி மூலமே கட்டணங்கள் செலுத்தப்படும் இக்காலத்தில் இலங்கையிலும் இத்தகைய எளிய வழியொன்றை அமைப்பது கடினமன்று.

"எங்கள் வீட்டுப் பிள்ளை போலவே வைத்திருக்கின்றோம்" என்று கூறும் குடும்பங்கள் உண்டு. அந்த அன்பை நாம் ஐயுறவில்லை. எனினும் முதுமையில் மருந்து வாங்க அன்பு மட்டும் போதாது. தொழில் அமைச்சு இவர்களைச் சேமலாப நிதியின் முழுமையான பாதுகாப்பினுள் கொண்டுவர வேண்டும். அதுவரை காத்திராமல், எழுத்தில் ஓர் உடன்படிக்கையையும் மாதாந்தச் சம்பளப் பற்றுச்சீட்டையும் வழங்கி, பணியாளர் பெயரிலான வங்கிக் கணக்கில் ஒரு தொகையை வைப்பிலிட ஒவ்வொரு குடும்பமும் முன்வரலாம். எமது பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் கரங்கள் இறுதிக்காலத்தில் பிறரிடம் ஏந்தும் நிலைக்குத் தள்ளப்படலாகாது.