ஒரே கீறல்

புதுவீடு கட்டுகிறவர்கள் தரைக்கான டைல்ஸைத் தெரிந்தெடுக்க நான்கு கடைகள் ஏறி இறங்குகிறார்கள். அந்த டைல்ஸ் எப்படி வெட்டப்படும் என்று விசாரிக்கிறவரை நான் அரிதாகவே சந்திக்கிறேன். மேஸ்திரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அவரோ கட்டிங் மெஷினை எடுக்கிறார். சற்று நேரத்தில் அறை முழுவதும் வெண்புழுதி. முப்பது வயது வாலிபனின் தலையும் இமைகளும் நரைத்துப்போகின்றன. நேராக வெட்டவேண்டிய இடங்களில் இந்த மெஷின் தேவையில்லை என்பதே என் கருத்து. கையால் தள்ளும் டைல் கட்டர் அந்த வேலையைப் புழுதியின்றிச் செய்துமுடிக்கும்.

"சாதாரண செராமிக்குக்கு அது சரி, போர்சலின் உடைந்துபோகுமே" என்பார்கள். கடைகளில் விட்ரிஃபைட் என்று பெயர் சொல்லி விற்கப்படுவதும் பெரும்பாலும் இந்த இனம்தான். களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை ஏறக்குறைய 1,200 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுத்தது. தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாதது. இத்தனை இறுக்கமானது என்பதாலேயே அது கண்ணாடியைப்போல் நடந்துகொள்கிறது. கண்ணாடி ஏன் எளிதில் முறிகிறது என்பதை ஆங்கிலப் பொறியாளர் கிரிஃபித் 1921-இல் விளக்கினார்: அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய விரிசலிலிருந்தே முறிவு புறப்படுகிறது. டைல் கட்டரின் சக்கரமும் டைலை அறுப்பதில்லை. எந்த வழியாக முறியவேண்டும் என்று ஒரு கோட்டைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. ஸ்பெயினில் பார்சலோனாவுக்கு அருகிலுள்ள ரூபி என்னும் ஊரில் போவாதா சகோதரர்கள் 1951-இல் இத்தகைய கருவிகளைச் செய்யத் தொடங்கினார்கள். ஆகையால் இது நேற்று வந்த வித்தையல்ல.

செய்முறையைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். பளபளப்பான முகம் மேலே இருக்கும்படி டைலை வைத்து, கருவியின் தடுப்புச் சட்டத்தோடு இடைவெளியின்றி அணைத்துக்கொள்ளவேண்டும். பென்சில் கோட்டின்மேல் சக்கரத்தை நிறுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே சீரான அழுத்தத்தோடு, நடுவில் நிறுத்தாமல் ஒரே முறை ஓட்டவேண்டும். துணி கிழிவதுபோன்ற தொடர்ச்சியான ஓசை கேட்டால் கீறல் சரியாக விழுந்திருக்கிறது. ஓசை விட்டுவிட்டு வந்தால் சக்கரம் மழுங்கியிருக்கலாம், அல்லது கை தளர்ந்திருக்கலாம். கோடு மங்கலாகத் தெரிகிறதே என்று மறுபடியும் ஓட்டுவதில்தான் பெரும்பாலான டைல்ஸ் வீணாகின்றன. இரண்டாம் கீறல் முதலாவதின்மேல் அப்படியே விழுவதில்லை; பக்கத்தில் புதிய விரிசல்களைத் திறந்துவிடுகிறது, முறிவு எதைப் பின்பற்றுவது என்று அறியாமல் பல்லுப்பல்லாகப் போகிறது. பலங்கொண்ட மட்டும் அழுத்துவதும் அதே கேட்டைத்தான் விளைவிக்கும். ஓரத்தில் ஒரு நூலளவு கீறாமல் விட்டாலும் அந்த மூலை சிதறும்.

கீறிய பின்பு, முறிக்கும் பாதத்தை டைலின் விளிம்பருகே கோட்டின்மேல் வைத்து மெதுவாக அழுத்தவேண்டும். "டக்" என்று ஒரு சத்தம். இரண்டு துண்டு. வெட்டிய விளிம்பு கத்திபோல் கூர்மையாயிருக்கும். வைரத்தூள் பதித்த தேய்ப்பானால் நான்கைந்து முறை தேய்த்துவிட்டால் கை கிழியாது. எப்படியும் அந்த விளிம்பு சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே மறைந்துவிடும்.

இந்தக் கருவிக்கு எல்லை உண்டு. குழாய்க்குத் துளையிடவும், தூணைச் சுற்றி எல் வடிவில் வெட்டவும், இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவான துண்டு எடுக்கவும் அது உதவாது. அங்கே மெஷின் வேண்டும், தண்ணீர் விட்டு வெட்டவேண்டும். ஆனால் ஒரு சராசரி வீட்டில் விழும் வெட்டுகளில் பெரும்பாலானவை சுவரோரத்து நேர்வெட்டுகளே.

நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் அந்தப் புழுதி. அதில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெண்தூள் சீக்கிரம் தரையில் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூளே நுரையீரலின் அடிவரை இறங்குகிறது. அது வருவிக்கும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. சுவாசத்தில் செல்லும் சிலிக்கா புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. முகத்தில் கட்டிய துண்டு இதைத் தடுக்காது. ராஜஸ்தான் அரசு இந்நோயாளிகளுக்கென்றே 2019-இல் தனிக் கொள்கை வகுக்கவேண்டியதாயிற்று. டைல் கட்டரிலோ கோட்டின்மேல் ஒரு சிட்டிகைத் தூள்தான் உதிரும்.

புதுவீட்டின் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்டும்படி உபாகமம் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அங்கிருந்து விழுகிறவனின் பழி கொத்தன்மேல் அல்ல, வீட்டுக்காரன்மேல் சுமரும். பிரதிஷ்டை ஜெபத்துக்கு எங்களை அழைக்கிறவர்கள் இந்த வசனத்தைத் தரை வேலைக்கும் பொருத்திப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

"நேரம் ஆகும்" என்று மேஸ்திரி சொல்லக்கூடும். பழகிய கைக்கு ஒரு நேர்வெட்டு நிமிடத்துக்குள் முடிகிற காரியம். அவரிடம் கட்டர் இல்லையென்றால், உங்கள் டைலின் நீளத்துக்குப் போதுமான ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொடுங்கள். டங்ஸ்டன் கார்பைடு சக்கரம் ஒன்று புதிதாக வாங்கிக் கையோடு வையுங்கள். உடைந்த டைல் இரண்டைப் பழகிப்பார்க்கக் கொடுங்கள். ஒப்பந்தம் பேசும் நாளிலேயே, கூலியோடு சேர்த்து இதையும் பேசிவிடுங்கள். சரக்கு இறங்கி வேலை தொடங்கிய பிறகு அவரும் கேட்கமாட்டார், உங்களுக்கும் சொல்ல மனம் வராது.