ஆவாரம்பூவும் அப்பிள் மரப்பட்டையும்

புத்தூரை அடுத்துள்ள ஆவரங்காலின் பெயரைக் கேட்டாலே எனக்கு ஆவாரம்பூ நினைவுக்கு வரும். நீரிழிவுக்காக அதை அவித்துக் குடிப்போர் நம்மவரிடையே பலர். அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று.

1835இல் அப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புளோரிசின், சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும். அதன் அமைப்பைத் திருத்தி உருவாக்கிய டபாகிளிபுளோசின் என்ற குளிசை, சிறுநீரகம் பழுதடைவதைத் தாமதப்படுத்தும் என்பதை 2020இல் வெளியான ஆய்வு நிறுவிற்று. சோதிக்கப்பட்டோர் 4,304 சிறுநீரக நோயாளர். மூன்றில் இரு பங்கினர் நீரிழிவுக்காரர்.

ஆவாரைக்கு அத்தகைய சோதனை எங்கே? மூலிகையெல்லாம் தீங்கற்றவை என்பதும் பிழை. ஈசுரமூலியிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே அழிக்கும். ஆகவே அன்பர்களே, குடிநீரை நம்பிக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

கைதடியில் சித்த மருத்துவத்தையும் யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தையும் கற்பிப்பது ஒரே பல்கலைக்கழகந்தான். இரு சாராரும் கூடி ஆவாரையைச் சோதிக்க இன்னும் என்ன தயக்கம்?