பாஷைத் துரோகமா?

தாய்ப்பாஷையில் பாடப் பழகியவன் ஆங்கிலத்தில் பாடிப் பேரும் பணமும் சம்பாதித்தால், அவன் தன் ஜனங்களுக்குத் துரோகம் செய்தவனாவானா? 1990-க்குப் பிற்பட்ட வருஷங்களில் வேல்ஸ் தேசத்தில் இக்கேள்வி வெகு காரசாரமாக விவாதிக்கப்பட்டது. குற்றஞ் சாட்டப்பட்டது ‘சூப்பர் பர்ரி அனிமல்ஸ்’ என்ற வாத்திய கோஷ்டி.

1993-ல் கார்டிப் நகரில் தோன்றிய இக்கோஷ்டி, ராக் சங்கீதத்தின் கிதாரையும் முரசையும் ‘டெக்னோ’ என்னும் மின்னணு யந்திர ஒலியோடு இணைத்தது. பாடகர் கிரிப் ரீஸ், முன்பு வெல்ஷ் பாஷையிலேயே பாடி வந்த ஒரு கோஷ்டியைச் சேர்ந்தவர். யந்திர ஒலிகளுக்குப் பொறுப்பாளர் கியன் கியாரன். யுத்த டாங்கி ஒன்றை வாங்கி, அதில் ஒலிபெருக்கி பூட்டிச் சங்கீத விழா மைதானங்களுக்கு ஓட்டிச் சென்ற குறும்பர்கள் இவர்கள்! லண்டன் கம்பெனி ஒன்று 1996, 1997, 1999-ம் வருஷங்களில் இவர்களுடைய மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலும் ஆங்கிலமே ஒலித்தது.

வாதிகளின் கட்சியை அற்பமென்று தள்ளிவிட முடியாது. 1901-ல் வேல்ஸ் ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெல்ஷ் பேசினர். 2021-ம் வருஷக் கணக்கில் அது நூற்றுக்கு 17.8 ஆகக் குறைந்துவிட்டது. பள்ளியில் தாய்ப்பாஷை பேசிய குழந்தையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டு அவமானப்படுத்திய தேசம் அது. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பாஷை மாண்டு போகும் என்று 1962-ல் ஸாண்டர்ஸ் லூயிஸ் ரேடியோவில் எச்சரித்தார். அத்தகைய நிலையில், ஆங்கிலத்துக்குச் செல்லும் ஒவ்வொரு குரலும் நஷ்டமாகத் தோன்றுவது இயல்பே.

ஆனால் பிரதிவாதிகளின் பதில் 2000-ம் வருஷத்தில் வந்தது. லண்டன் கம்பெனி மூடப்படும் தறுவாயில், கோஷ்டியார் சொந்தமாகவே ‘மூங்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். அது முழுவதும் வெல்ஷ். யந்திர அலங்காரங்களைக் குறைத்து, எளிமையாகப் பதிவு செய்தது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது 11-ம் இடத்தை எட்டியது. வெல்ஷ் இசைத்தட்டு எதுவும் அதற்கு முன் அவ்வளவு உயர்ந்ததில்லை. பார்லிமெண்டில் பாராட்டுப் பிரேரணையும் கொடுக்கப்பட்டது. ஒரு சொல்லும் புரியாத ஆங்கிலேயர் அதை வாங்கிக் கேட்டார்கள் என்றால், ஆங்கிலத்தில் சம்பாதித்த பேரே அதற்கு வழி திறந்தது என்பதை யார் மறுக்க முடியும்?

இதைக் கொண்டு நாம் அளவுமீறிக் களிப்படைதலும் தவறு. இவர்கள் வெளியிட்ட ஒன்பது பெரிய இசைத்தட்டுகளில் முழு வெல்ஷ் இது ஒன்றே. மறு வருஷமே வேறொரு பெரிய கம்பெனியின் ஆதரவில் ஆங்கிலத்துக்குத் திரும்பினர். பாட்டினால் மட்டும் பாஷை பிழைப்பதில்லை. 1980-ல் குவின்வர் எவன்ஸ் உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அறிவித்த பிறகே, சர்க்கார் வாக்குத் தவறிய எண்ணத்தைக் கைவிட்டது; 1982-ல் வெல்ஷ் டெலிவிஷன் பிறந்தது. 1993-ல் பாஷைச் சட்டம் வந்தது. போராடியவர்கள் வேலி போட்டிராவிட்டால் பாடகர்களுக்குத் தோட்டமே இருந்திராது.

எனினும் வேலி மட்டும் இருந்து பயனென்ன? உள்ளே ஏதேனும் பூக்க வேண்டாமா? பிரார்த்தனைக்கும் புராதனக் கவிதைக்கும் மட்டும் உரியதென்று ஒதுக்கப்பட்ட பாஷையை வாலிபர்கள் வணங்குவார்கள், பேச மாட்டார்கள். புதிய யந்திரத்தின் ஓசைக்கும் வேடிக்கைக்கும் கேலிக்கும் அது இடங்கொடுத்தால்தான் வீட்டிலும் வீதியிலும் வழங்கும். 2019-ல் கிரிப் ரீஸ், மூசி என்ற தென்னாப்பிரிக்க மின்னணு இசைக் கலைஞரின் துணையோடு ‘பாங்!’ என்ற வெல்ஷ் இசைத்தட்டை வெளியிட்டார். துரோகி என்று தூற்றப்பட்டவரின் வாயில் பாஷை சாகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை.

அந்நிய பாஷையில் பாடுவது குற்றமன்று. திரும்பி வர வழியை மறந்துவிடுவதே குற்றம். இவர்கள் மறக்கவில்லை, ஆகவே விடுதலை செய்யத் தக்கவர்கள் என்பதே நமது தீர்ப்பு.