நிமசுலைடுக்குத் தடை: முதியோரின் வயிற்றுப்புண் அபாயம் நீங்கவில்லை

100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நிமசுலைடு மாத்திரைகளின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் மத்திய சுகாதார அமைச்சகம் 2025 டிசம்பர் இறுதியில் தடை விதித்தது. கல்லீரல் பாதிப்பே இம்மருந்தின் மீது நீண்டகாலமாகக் கூறப்படும் குறை. ஆனால், மூட்டுவலிக்காக முதியோர் அன்றாடம் நாடும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இரைப்பையில் உண்டாக்கும் புண்ணுக்கு இத்தடையில் விடை இல்லை. கடலால் பிரிந்து கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இந்த அபாயத்தின் கனம் அதிகம்.

அங்கு உயர் சிகிச்சைக்கான முதன்மை மருத்துவமனை, போர்ட் பிளேர் என அறியப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனை. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இரைப்பையில் ரத்தக்கசிவு ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்பது சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். கப்பல் பயணமே அந்த அவகாசத்தை விழுங்கிவிடக்கூடும். பருவமழைக் காலத்தில் ஹெலிகாப்டரையும் உறுதியாக நம்ப முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வசிப்போரில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளே இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையும் பேணுகிறது. இம்மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுப்பதை 1971இல் கண்டறிந்த ஜான் வேன், 1982இல் நோபல் பரிசு பெற்றார். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இவ்விளைவு தொடர்வதால், ஊசியாகச் செலுத்தினாலும் வயிறு தப்புவதில்லை. சாப்பிட்ட பிறகு விழுங்கினால் போதும் என்ற பரவலான நம்பிக்கையும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல. ரானிடிடின் போன்ற மாத்திரையை வழக்கமான அளவில் சேர்த்துக் கொடுப்பதும் இரைப்பைப் புண்ணைத் தடுக்கப் போதாது; அதற்கு ஒமிப்ரசோல் வகை மருந்து தேவை.

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023இல் புதுப்பித்த பரிந்துரையின்படி, இம்மருந்துகளை மூன்று முதல் ஆறு மாதம் உட்கொள்வோரில் சுமார் 1 விழுக்காட்டினருக்கும், ஓராண்டு உட்கொள்வோரில் 2 முதல் 4 விழுக்காட்டினருக்கும் புண், ரத்தக்கசிவு அல்லது துளை ஏற்படுகிறது. 75 வயதைக் கடந்தோர், வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஸ்டீராய்டு ஆகியவற்றில் ஒன்றை உட்கொள்வோர் ஆகியோருக்கு அபாயம் இதனினும் கூடுதல். இதயத்துக்காக அன்றாடம் எடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கணக்கில் சேரும். பலர் அதை வலி மாத்திரையாகவே கருதாததால் மருத்துவரிடம் சொல்லத் தவறிவிடுகின்றனர்.

முதியோரில் பலருக்கு வயிற்றுவலி என்ற முன்னறிவிப்பே இருப்பதில்லை. தார் போன்ற கரிய மலமோ, திடீர் மயக்கமோதான் முதல் அறிகுறியாகிறது. டைக்ளோஃபெனாக் அட்டவணை 'எச்'-இல் உள்ள மருந்து. சீட்டின்றி விற்பது சட்டவிரோதம். நாட்டின் பல பகுதிகளில் இவ்விதி ஏட்டளவிலேயே நிற்கிறது என்பது ஊரறிந்த செய்தி. முழங்கால் வலிக்கு மேற்பூச்சுக் களிம்பு, உரிய அளவில் பாராசிட்டமால் ஆகியவற்றை முதலில் முயலலாம்.

தீவுகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என ஒருகாலத்தில் அழைக்கப்பட்டது, பின்னர் எலிக்காய்ச்சல் எனக் கண்டறியப்பட்டது. அது சிறுநீரகத்தைத் தாக்கும்; டெங்கு, ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். மழைக்காலத்தில் உடல்வலியுடன் வரும் காய்ச்சல் இவற்றில் எது எனத் தெரியும் முன்னரே மூட்டுவலி மாத்திரையை விழுங்கும் முதியவருக்கு வயிறு, சிறுநீரகம் இரண்டும் ஒருசேர ஆபத்துக்கு உள்ளாகின்றன.