சாப்பாட்டுக்கு இடம் பிடிப்பது தப்பில்லை!



அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அம்மா, அப்பாக்கள் இப்போது நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். போனால், பேரக்குழந்தைகளோடு ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்கும் பலர் ஒரு நடை போய் வருகிறோம். அதற்கு முன் வீட்டில் ஒரு சண்டை வரும். ஹோட்டல் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே ரிசர்வ் செய்ய வேண்டுமா, வேண்டாமா? 'வேண்டவே வேண்டாம்' என்று எங்கள் வீட்டில் சண்டை போட்டவள் நான்தான். அது தப்பு என்று இப்போது நானே சொல்கிறேன்.

போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த இடம் ஒரே பூங்கா அல்ல. மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டூடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என்று நான்கு இருக்கின்றன. சாப்பாட்டுக் கடைகளும் இரண்டு வகை. கவுண்டரில் வாங்கி, இடம் தேடி உட்கார்ந்து சாப்பிடுவது ஒன்று. இதற்கு ரிசர்வேஷன் கிடையாது. மேஜையில் உட்கார வைத்துப் பரிமாறுவது இன்னொன்று. இதற்கு 60 நாள் முன்பிருந்தே இடம் பிடிக்கலாம். 2020-க்கு முன் இது 180 நாளாக இருந்ததாம்! சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் ஹோட்டல் போன்றவற்றில் இடம் மளமளவென்று தீர்ந்துவிடும்.

என் மகள் இரண்டு மாதம் முன்பே போனில் கேட்டாள்: "அம்மா, காலையில ஆறு மணிக்கு எழுந்து புக் பண்ணணும். எத்தனை மணிக்கு அப்பா சாப்பிடுவார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்டி, சாப்பாட்டுக்கு இடம் பிடிக்க இது என்ன கல்யாண மண்டபமா? ரெண்டு மாசம் கழிச்சு எத்தனை மணிக்குப் பசிக்கும்னு யாருக்குத் தெரியும்? புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிட்டுப் போயிடலாம். தண்டச் செலவு வேண்டாம்" என்றேன். அவளும் விட்டுவிட்டாள்.

கிஸ்ஸிம்மியில் சமையலறையோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்கே நானும் மகளும் அடுப்படியில் நின்றோம். அங்கே வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடு செய்யத் தேவையில்லாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஜூன் மாத வெயில் நம் ஊர் வெயிலுக்குத் தம்பி. பதினொரு மணிக்குள் தயிர்சாதம் புளித்துவிட்டது. புளியோதரையைக் குழந்தைகள் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. மிச்சத்தையும் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் மனசில்லை.

"கடையிலேயே பார்த்துக்கலாம்" என்று கிளம்பினோம். மணி ஒன்று. எந்தப் பக்கம் போனாலும் கூட்டம். உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் முன்பே எழுதி வைத்தவர்களுக்குத்தான் முதல் இடம். அது நியாயம்தானே? என் கணவர் காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவர். ஒன்றரை மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. கைப்பையில் இருந்த குளுக்கோஸைக் கொடுத்து, நிழலில் உட்கார வைத்து, மாப்பிள்ளை ஓடிப் போய் ஏதோ வாங்கி வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். முன்யோசனை இல்லாதது என் தப்பு.

அன்று இரவு மகள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ ரத்து செய்த மேஜை ஒன்று மறுநாள் பன்னிரண்டரை மணிக்குக் கிடைத்தது. பலர் கடைசி நேரத்தில் ரத்து செய்வதால் இப்படியும் கிடைக்கும். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. மறுநாள் குளுகுளு அறையில் உட்கார்ந்தோம். கேட்டதைக் கொண்டு வந்து வைத்தார்கள். அவர் நேரத்துக்குச் சாப்பிட்டார். மகள் நாற்காலியில் சாய்ந்து, "அம்மா, இன்னிக்குத்தான் எனக்கு லீவு மாதிரி இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. 'தண்டச் செலவு' என்று நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது பணத்தை மட்டும்தான். என் தூக்கத்தையும் அவள் தூக்கத்தையும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"பசிக்கும் நேரம் முன்கூட்டியே எப்படித் தெரியும்?" என்று கேட்டேனே, அதுவும் சரியில்லை. வீட்டில் யாருக்கு எப்போது பசிக்கும் என்று நம்மைத் தவிர யாருக்குத் தெரியும்?

அதற்காக மூன்று வேளையும் புக் செய்யச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ராட்டினத்தை விட்டுவிட்டு மேஜையைத் துரத்தி ஓட வேண்டியிருக்கும். பூங்கா டிக்கெட்டும் மலிவு இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். நான் சொல்வது, நாளுக்கு ஒரே ஒரு வேளை. சர்க்கரைக்காரர், சின்னக் குழந்தை யாராவது இருந்தால் அந்த வேளை மதியமாகவே இருக்கட்டும், அதுவும் கூட்டத்துக்கு முன்பாக. மற்ற வேளைக்குக் கவுண்டர் கடை போதும். அங்கே போனிலேயே ஆர்டர் கொடுத்துவிட்டு, தயாரானதும் போய் வாங்கலாம். கொறிக்க முறுக்கும் தட்டையும் நம் பையில் இருக்கட்டும்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். மெனுவில் சிறு இலைப் படம் போட்டிருந்தால் அது பால், முட்டைகூடச் சேராத பண்டம். அனிமல் கிங்டம் லாட்ஜில் 'சனா' என்று ஒரு ஹோட்டல் உண்டு. நானும் விதவிதமான சட்னியும் தருகிறார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். அங்கே சாப்பிடப் பூங்கா டிக்கெட்டும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். புக் செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் தலைக்கு 10 டாலர் பிடிப்பார்கள். ஆறு பேருக்கு 60 டாலர்! பெரும்பாலான இடங்களில் இரண்டு மணி நேரம் முன்பே ரத்து செய்துவிட்டால் காசு போகாது.

கடைசியாக ஒன்று. அந்த ஆறு மணி அலாரத்தையும் நம் பெண்கள் தலையிலேயே கட்ட வேண்டாம். அடுத்த முறை புக் செய்யும் வேலை மாப்பிள்ளைக்கு என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. அவரும் சரி என்று சொல்லிவிட்டார். உங்கள் வீட்டில் எப்படி, சகோதரிகளே?

— ஒரு பாட்டி, கும்பகோணம்