ஆராயும் பிள்ளைக்கும் கூலி வேண்டும்

வார லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் நுழையும் தொழிலாளிக்கு நெஞ்சு இறுகுகிறது, மூச்சு இரைக்கிறது. நாள் போகப்போகச் சற்றுத் தணிகிறது. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வருகிறது. இது பஞ்சுத் தூசியின் வேலை என்பது வைத்திய உலகம் அறிந்த உண்மை. புளோரூமிலும் கார்டிங்கிலும் நிற்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஒரு தொழிலாளியின் மகள் சர்க்கார் காலேஜில் பி.எஸ்ஸி. படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா வேலை பார்க்கும் பகுதியில் ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு தூசி பறக்கிறது, தங்கள் தெருவில் எத்தனை பேருக்கு இந்த இரைப்பு என்று கணக்கெடுக்க அவளுக்கு ஆசை. தூசியை அளக்கக் கருவி வேண்டும். வீடு வீடாய்ப் போக இரண்டு மாதம் வேண்டும். கோடை விடுமுறையை விட்டால் வேறு காலமில்லை. ஆனால் அந்த இரண்டு மாதமும் கடையிலோ கம்பெனியிலோ வேலைக்குப் போனால்தான் அடுத்த வருஷம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் காசு. ஆசை அங்கேயே முடிந்தது.

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் இல்லை. சம்பளமில்லாமல் இரண்டு மாதம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து வரலாம். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வீட்டிலிருந்து பணம் வரும். திரும்பி வரும்போது கையில் ஒரு சான்றிதழும் வரும். பிறகு அதற்குத் "திறமை" என்று பெயர் வைக்கிறார்கள். அவன் திறமையை நாம் மறுக்கவில்லை. இவள் திறமைக்கு யார் பதில் சொல்வது என்றுதான் கேட்கிறோம்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடைக் குமாஸ்தாவின் மகன் சீனிவாச ராமானுஜன். 1904ல் உபகாரச் சம்பளத்தோடு காலேஜில் சேர்ந்தார். இரவும் பகலும் சொந்தமாகக் கணக்கு ஆராய்ந்தார். மற்றப் பாடங்கள் தவறின. உபகாரச் சம்பளம் பறிபோனது. பட்டம் கிடைக்கவில்லை. வருஷக்கணக்கில் வேலை தேடி அலைந்து, 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913ல் சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்த பிறகே முழு நேரமும் கணக்குக்கு என்று ஆனது. 1918ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. 1920ல் 32 வயதில் இறந்தார். அந்த 75 ரூபாய் ஒன்பது வருஷம் முந்திக் கிடைத்திருந்தால்? அது கிடைக்காமலே குமாஸ்தாவாக முடிந்துபோனவர்கள் எத்தனை பேர்?

இன்று திட்டமே இல்லையா? உண்டு. மத்திய சர்க்கார் 2008ல் தொடங்கிய "இன்ஸ்பயர்" திட்டம் ஒரு மாணவருக்கு வருஷம் 80,000 ரூபாய் என்று வைத்தது. அதில் 20,000 கோடைகால ஆராய்ச்சிக்கு. நல்லதுதான். ஆனால் பிளஸ் டூ மார்க்கில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களே பெரும்பாலும் உள்ளே போகலாம். அதுவும் இயற்கை விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு மட்டும். நடவுப் பெண்களின் பாட்டுகளைச் சேகரிக்க நினைக்கும் தமிழ் மாணவனுக்கும், தன் ஊர்க் கூலிப் போராட்டத்தை நாடகமாக்க நினைக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை.

2022 டிசம்பரில் யூ.ஜி.சி. நான்கு வருஷப் பட்டப்படிப்பு முறையை வெளியிட்டது. நான்காவது வருஷத்தில் ஆராய்ச்சி செய்ய முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீத மார்க் வேண்டுமாம். மார்க்கும் வேண்டும், இன்னொரு வருஷத்துச் செலவும் வேண்டும். கூலிக்காரன் வீட்டுக்கு இது கதவா, சுவரா?

"பாட்டாளி பிள்ளைக்கு முதலில் வேலை கிடைக்கட்டும், ஆராய்ச்சி பிறகு பார்க்கலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். வேலை வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் எந்தக் கேள்வி ஆராயப்படும் என்பதைக் காசு கொடுப்பவனே தீர்மானிக்கிறான். நூல் இன்னும் வேகமாக ஓட வழி தேட மில் முதலாளியிடம் பணம் உண்டு. நூல் ஓட்டுபவனின் நெஞ்சைப் பற்றி ஆராய யாரிடம் பணம் உண்டு? அந்தக் கேள்வி நம் வீட்டில்தான் பிறக்கும். நம் பிள்ளைதான் கேட்க வேண்டும்.

பணமில்லை என்பார்கள். 2025 ஜூலையில் மத்திய மந்திரிசபை தனியார் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்காகக் குறைந்த வட்டிக்கும் வட்டியில்லாமலும் கடன் தர ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்தது. கணக்குப் போடுங்கள். ஒரு மாணவருக்கு இரண்டு மாதக் கூலியாக 12,000, கருவிக்கும் பயணத்துக்கும் 8,000, ஆக 20,000 ரூபாய். பத்தாயிரம் மாணவருக்கு 20 கோடி. ஒரு லட்சம் கோடியில் இது ஐயாயிரத்தில் ஒரு பங்கு!

இது ஆகாத காரியமும் அல்ல. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969லேயே, பட்ட வகுப்பு மாணவர்கள் பேராசிரியர்களோடு சேர்ந்து ஆராயவும், அதற்குச் சம்பளமோ படிப்பில் மதிப்போ பெறவும் ஏற்பாடு செய்தது.

நம் கோரிக்கைகள் எளிமையானவை:

1. சர்க்கார் காலேஜ் ஒவ்வொன்றிலும் மாணவர் ஆராய்ச்சிக்கும் கலை முயற்சிக்கும் தனி நிதி வேண்டும்.

2. கருவிச் செலவோடு, மாணவர் செலவிடும் நாட்களுக்குக் கூலியும் வேண்டும். அதை முன்பணமாகத் தர வேண்டும்.

3. மார்க்கைப் பார்க்காமல் கேள்வியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விஞ்ஞானம், சரித்திரம், தமிழ், நாடகம் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

தோழர்களே! கூலியில்லாமல் ஒரு ஷிப்டு நிற்கச் சொன்னால் நாம் சம்மதிப்போமா? ஆராய்வதும் வேலைதான். நம் பிள்ளைகள் அதைச் செய்ய வேண்டுமானால், அதற்கும் கூலி கேட்போம்.